நூற்றிப்பத்துக் கிலோ மிச்சம்

என் பிக்கப்பை ஏன் பிடிக்காது என்று அப்பாவிடம் கேட்டால் இரண்டு காரணம் சொல்லுவார். ஜேர்மனியில், எசன் நகரில் எங்கள் தெருவில் அது இரண்டு கார் நிற்கிற இடத்தை ஒற்றையாய்ப் பிடிக்கிறது. காலையில் அதை ஸ்டார்ட் பண்ணினால் எதிர்வீட்டு ஜேர்மன் கிழவர் யன்னல் திரையை விலக்கி எங்கள் முழுக் குடும்பத்தையும் பார்க்கிறார். மூன்றாவது காரணமும் ஒன்று இருந்தது. அதன் எஞ்சினைத் திருத்தியது நான். அதை அவர் வாயால் சொன்னதில்லை. அவருக்காகச் சொல்ல மாமா இருந்தார்.

"மாப்பிள்ளை பாக்கிற வயசில இவள் ரேடியேட்டர் பாக்கிறாள், அத்தான்."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மேல்மாடியில் இருக்கிறார். உலகத்தில் ஓடுகிற அத்தனை வாகனங்களைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. லைசென்ஸ் மட்டும் இல்லை.

அப்பாவுக்கு எசனில் பஸ் ஓட்டுகிற வேலை. இருபது வருசமாக ஓட்டுகிறார். சடுதியாக ஒரு பிரேக் அடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. அப்படிப்பட்டவருக்கு, வாகனத் தொழில்நுட்பம் படித்து முடித்த மகள் வேலைக்கு விண்ணப்பம் எழுதாமல், மரம் வெட்டுகிறவன் ஒருவன் கைவிட்ட பழைய டீசல் பிக்கப்புக்குக் கீழே சனி ஞாயிறு முழுக்கக் கிடந்தால் எப்படி இருக்கும்? டர்போவைப் பெரிதாக்கினேன். அது உள்ளே தள்ளுகிற காற்றைக் குளிர்விக்கிற பெட்டியை மாற்றினேன். கியர்பெட்டி எண்ணெய் கொதிக்காமலிருக்கத் தனி ரேடியேட்டர் போட்டேன். எஞ்சினின் கணினியில் எழுதியிருந்ததில் பாதியை அழித்து நல்லதாக எழுதினேன். எல்லாவற்றையும் பரிசோதகரிடம் காட்டி வாகனப் பத்திரத்தில் பதிந்தும் விட்டேன். இந்த நாட்டில் ஒன்றைத் திருத்துவது சின்ன வேலை, திருத்தினேன் என்று பதிவதுதான் பெரிய வேலை. அதற்கு நான் எடுத்த தெர்மின்களின், அதாவது முன்கூட்டியே நேரம் குறித்துப் போன சந்திப்புகளின், எண்ணிக்கைக்கு ஒரு சிறுநீரகமே மாற்றியிருக்கலாம்.

கடைசியாகப் பின்பெட்டி. அதற்குக் கறுப்பு ரப்பர் பூச்சுப் பூசி, மூடி போட்டு, மூடிக்குப் பூட்டும் போட்டேன். உள்ளே ஒன்றும் வைக்கிறதில்லை. வைத்தால் கீறும்.

போன கோடையில் அப்பாவோடு வேலை செய்கிற ஜேர்மன்காரர் ஒருவர் தன்னுடைய வோன்வாகனை இரண்டு கிழமைக்கு இரவல் தந்தார். வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற வீடு. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் உள்ளே. தெற்கே அல்கோய் மலைப்பக்கம், கெம்ப்டன் நகருக்குக் கிட்டப் போவதாக முடிவானது. எதால் இழுப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அதை இழுக்கக்கூடிய வாகனம் ஒன்றுதான் இருந்தது.

"உது மலை ஏறுமோ?" என்றார் அப்பா.

"ஏறும்."

"சரி. ஏறி இறங்கி வரட்டும். ஆனா வழியில ஒருக்கா நிண்டாலும், வீட்டை வந்த கையோட அதை வித்துப்போடோணும். பிறகு ஒழுங்கா ஒரு வேலை தேடோணும். சம்மதமோ?"

"டீசல் அடிக்க நிக்கலாமோ?"

"அது கணக்கில்லை."

"மூத்திரத்துக்கு?" என்றார் மாமா.

"அதுவும் கணக்கில்லை."

"சம்மதம்" என்றேன். மாமா சாட்சிக்குத் தேத்தண்ணிக் கோப்பையை உயர்த்தினார்.

அந்த நாளிலிருந்து நான் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படவில்லை. பாரத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். வோன்வாகனின் பத்திரத்தில் மொத்த நிறை ஆயிரத்து எண்ணூறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது. சட்டி பானை, உடுப்பு, போர்வை, கதிரை எல்லாம் ஏற்றிய பிறகு அதை இரும்புக் கழிவு வாங்குகிற இடத்துக்கு இழுத்துப் போய் அங்குள்ள தராசில் நிறுத்தேன். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. நூற்றிப்பத்துக் கிலோ மிச்சம். அங்கே தந்த நிறைத் துண்டை வோன்வாகனின் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். அதற்குப் பிறகு அந்த நூற்றிப்பத்தை நான் காத்த மாதிரி எந்த நாட்டுப் படையும் எந்த எல்லையையும் காத்திருக்காது.

ஆனால் நான் தராசில் நின்ற நேரத்தில் அம்மா தொலைபேசியில் நின்றிருக்கிறா. "ஓம், சனிக்கிழமை தெற்குப் பக்கம் போறம். வாகனத்திலதான்."

எங்கள் ஆட்களிடம் இந்த ஒரு வசனம் போதும். தபால் என்று ஒரு சேவை ஜேர்மனியில் இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோய்விடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அழைப்புமணி ஓயவில்லை.

"சின்னப் பொதிதான், பிள்ளை. பிராங்க்ஃபர்ட்டில என்ர தங்கச்சியிட்டைக் குடுத்தாச் சரி."

பயணப்பெட்டி நிறுக்கிற கொளுக்கித் தராசோடு நான் வாசலில் நின்றேன். எட்டுக் கிலோ. அடுத்தது பன்னிரண்டு.

"இதென்ன எயார்போட்டோ?" என்று ஒரு அக்கா சிரித்தா. "பாஸ்போட்டும் காட்டவோ?"

நாலு பொதியோடு நிறுத்தினேன். இரண்டு பிராங்க்ஃபர்ட்டுக்கு, இரண்டு ஸ்டுட்கார்ட்டுக்கு. மொத்தம் முப்பத்தெட்டுக் கிலோ. எனக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சிதான். மலை தொடங்குமுன் இரண்டு ஊரிலும் பாரம் இறங்கிவிடும். தூரம் கூடக் கூடப் பாரம் படிப்படியாகக் குறைவதைக் கட்டத்தாளில் கோடாகக் கீறி அப்பாவிடம் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"வடிவா இருக்கு" என்றார். "சனத்துக்கு உது தெரியுமோ?"

நான் வாசலில் தராசோடு நின்ற அதே நேரத்தில் அம்மா குசினிக் கதவைத் திறந்து பின்வளவால் வந்தவர்களின் பொதிகளை வாங்கிக்கொண்டிருந்ததை நான் அறிந்தது பிறகு. வெகு பிறகு.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். நான் ஓட்ட, அப்பா பக்கத்தில். அம்மாவும் மாமாவும் பின்சீற்றில். முன்னால் நான் பூட்டியிருந்த மூன்று வெப்பமானிகளும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. லிம்பேர்க்குக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம். அதில் வோன்வாகன் ஒருமுறை வாலை ஆட்டியது. ஒரு சின்ன ஆட்டந்தான். காலை மெல்ல எடுத்ததும் அடங்கிவிட்டது.

"காத்து" என்றேன்.

"காத்தோ? மரத்தில இலை அசையேல்லை" என்றார் மாமா. "கம்பியூட்டரில எழுதினதில எங்கையோ எழுத்துப் பிழை."

பின்பக்கம் பாரம் கூடினால்தான் அப்படி ஆடும். எனக்கு அது தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் பின்பக்கத்தில் நான் போர்வைதான் வைத்திருந்தேன். பக்கத்து வாகனக்காரன் சிக்னல் போடாவிட்டால்கூடப் பாடம் எடுக்கிற அப்பா, அந்த இறக்கம் முழுக்க யன்னலால் மாடு பார்த்துக்கொண்டு வந்தார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பிராங்க்ஃபர்ட்டில் பொதி கொடுக்கப் பத்து நிமிசம் என்று கணக்கு வைத்திருந்தேன். பொதி கொடுக்க நிற்பதும் ஒப்பந்தத்தில் கணக்கில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். வீட்டு வாசலில் ஐந்தாறு ஆண்கள் நின்றார்கள். ஒருவர் பிக்கப்பைச் சுற்றி வந்து, "என்ன தங்கச்சி, சும்மா டீசல்தானே?" என்றார்.

சும்மா! நான் பொனெற்றைத் திறந்தேன். திறந்தால் மூட எனக்கு ஏலாது. டர்போவில் தொடங்கி கியர்பெட்டி வரை விளக்கினேன். அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையாட்டினார்கள். இடைக்கிடை ஒருவர், "அப்ப லீட்டருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டார். அதே ஆள் மூன்று தரம் கேட்டார். நாற்பது நிமிசம் போனது. இந்த நாற்பது நிமிசமும் எனக்குப் பின்னால் வோன்வாகனின் கதவு திறந்து மூடித் திறந்து மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பொதி இறக்குகிறார்கள் என்று நினைத்தேன்.

இறக்கினார்கள்தான். ஆனால் எங்கள் வழக்கத்தில் கொடுக்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய வீடு கிடையாது. எட்டுக் கிலோ கொண்டுபோய்க் கொடுத்தால் பதினாறு கிலோ திரும்பி வரும். கட்டத்தாளில் கோடு கீறியபோது நான் புவியீர்ப்பைக் கணக்கில் எடுத்தேன், காற்றுத்தடையை எடுத்தேன், மாமிமாரை எடுக்க மறந்துவிட்டேன்.

ஸ்டுட்கார்ட்டிலும் அதே நாடகம். அங்கே ஒருவர் எஞ்சின் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்துகொண்டதால் எனக்குத் தலைகால் தெரியவில்லை. பொனெற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது ஒரு அக்கா ஒரு பையைப் பின்பெட்டி மூடியின் மேல் வைக்கப் போனா.

"அக்கா, அதில வேண்டாம்! என்ன பை அது?"

"கருவாடு. கெம்ப்டனில இருக்கிற பெறாமகளுக்கு."

"ஐயோ, மணம் பிடிச்சாப் போகாது. பின்னால வோன்வாகனுக்குள்ள வையுங்கோ."

நானே சொன்னேன். என் வாயால்.

ஸ்டுட்கார்ட் தாண்டி உல்ம் நோக்கிப் போகிற பாதையில் ஒரு மலை வரும். பாதை இரண்டாகப் பிரிந்து மலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறும். பாரவண்டிகள் எல்லாம் வலது ஓரத்தில் பிரேதத்துக்குப் பின்னால் போகிற மாதிரி வரிசையாக ஊரும். வோன்வாகன் இழுத்து வருகிற குடும்பங்கள் அதற்குப் பின்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும். அந்த மலைக்காகத்தான் நான் இரண்டு வருசம் எண்ணெயில் குளித்தேன்.

மிதித்தேன்.

டர்போ விசிலடித்தது. பிக்கப் முன்னங்காலை ஊன்றி எழும்புகிற எருமை மாதிரி ஒருமுறை குனிந்து இழுக்கத் தொடங்கியது. எழுபது. எழுபத்தைந்து. எண்பது. மலையில் எண்பது! ஒரு பால் லொறியைத் தாண்டினேன். ஒரு நெதர்லாந்து வோன்வாகனைத் தாண்டினேன். அதன் பின்யன்னலில் இருந்த நாய் எங்களையே பார்த்துக்கொண்டு பின்னால் போனது. கியர்பெட்டி எண்ணெய் முள் ஒரு கோடு ஏறி அங்கேயே நின்றது. பின்சீற்றில் மாமாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுவே ஒரு சாதனை. பாதி மலையில் அப்பா முள்ளைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், "ம்" என்றார்.

அந்த "ம்" எனக்குப் பட்டமளிப்பு விழாவில்கூடக் கிடைக்கவில்லை.

உச்சி வந்தது. தரை மட்டமானது. பின்னால் வந்த பொலிஸ் கார் எங்களைத் தாண்டி முன்னால் வந்து, கூரையில் சிவப்பு எழுத்தை எரியவிட்டது. பின்தொடரவும்.

"அத்தான்," என்றார் மாமா, குரல் திரும்பக் கிடைத்தவராய், "இது டீசலோ, மூத்திரமோ?"

வாகனத் தரிப்பிடத்தில் ஏற்கனவே நாலைந்து வோன்வாகன்கள் நின்றன. விடுமுறைக் காலத்தில் பாரம் சோதிக்கிறார்களாம். சில்லுக்குக் கீழே தட்டு வைத்து நிறுக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு வயதான ஜேர்மன்காரர் தன் வோன்வாகனிலிருந்து தரையில் பதிக்கிற கல்லுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு நின்றார். விடுமுறைக்குப் போகிற இடத்தில் தன் கூடாரத்துக்கு முன்னால் முற்றம் கட்டப் போகிறாராம். மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வசனம் சொல்லிக்கொண்டிருந்தா. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான் குளிர்பெட்டியிலிருந்த நிறைத் துண்டைக் கழற்றி, பரிசுப் பத்திரம் மாதிரி நீட்டினேன். வந்த பொலிஸ்காரிக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். துண்டை வாங்கிப் பார்த்தா. பிறகு தட்டில் வந்த எண்ணைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபது."

"தட்டுப் பிழையாக இருக்கலாம்" என்றேன். எஞ்சினியர் அல்லவா.

திரும்ப நிறுத்தார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு.

"நூற்றி அறுபது கிலோவுக்கு மேல் கூடுதலாக ஏற்றியிருக்கிறீர்கள்" என்றா. "மலை ஏறும்போது உங்களுக்குத் தெரியவில்லையா? வண்டி திணறியிருக்குமே?"

"இல்லை" என்றேன். அந்த நேரத்திலும் என்னால் அடக்க முடியவில்லை. "எண்பதில் ஏறியது. முள் ஒரு கோட்டுக்கு மேல் போகவில்லை. எஞ்சினை நான்தான் திருத்தினேன், பத்திரத்தில் இருக்கிறது, பாருங்கள்."

அவ பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தா. ஒரு பிழையும் இல்லை. "நல்ல வேலை" என்றா. "எழும்பி நடக்க ஏலாத நோயாளிக்கு நோவு தெரியாமல் ஊசி போட்ட மாதிரி. உங்கள் எஞ்சினுக்கு இந்தப் பாரம் தெரியாது. வோன்வாகனின் டயருக்கும் பிரேக்குக்கும் தெரியும். இதைக் குறைக்காமல் இங்கிருந்து போக முடியாது."

தண்டம் எழுதினார்கள். ஓட்டியவள் நான் என்பதால் எனக்கு.

இறக்கத் தொடங்கினோம். கட்டிலுக்குக் கீழிருந்து குத்தரிசிச் சாக்கு இரண்டு. குளிக்கிற அறைக்குள் ஒரு முழுப் பலாப்பழம், பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரித் துவாயால் போர்த்து. உடுப்புப் பெட்டிக்குள் நல்லெண்ணெய்த் தகரங்கள். ஒரு சாக்குத் தேங்காய். மிளகாய்த்தூள், மோர்மிளகாய், முறுக்கு வாளி, எந்த ஊரில் ஏறியது என்று யாருக்கும் தெரியாத ஒரு புட்டுப்பானை. தரிப்பிடத்துத் தாரில் எல்லாம் வரிசையாக நின்றபோது ஒரு கடை திறந்த மாதிரி இருந்தது. கல்லுக்காரரின் மனைவி வந்து பலாப்பழத்தைத் தொட்டுப் பார்த்து, இது மிருகமா மரக்கறியா என்று கேட்டா.

"அம்மா!" என்றேன்.

"நான் என்ன செய்ய? முகத்துக்கு நேர வேண்டாம் எண்டு சொல்லுறதோ? நீதானே சொன்னனி, இது எதையும் இழுக்கும் எண்டு."

பின்சுவரோடு ஒட்டிய இருக்கையின் பலகையைத் தூக்கியது மாமா. "அத்தான், உங்கட ஸ்வெற்றர் இஞ்ச கிடக்கு" என்று இழுத்தார். ஸ்வெற்றர் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பஸ் உத்தியோக ஸ்வெற்றரால் சுற்றிக் கட்டிய ஒரு சாமான், உள்ளே கல்லு உருள்கிற சத்தத்தோடு வெளியே வந்தது. தோசைமா அரைக்கிற கிரைண்டர். முப்பது கிலோ வரும். இருக்கிற இடத்திலேயே மிகப் பின்னுக்கு. லிம்பேர்க் இறக்கத்தில் வால் ஆட்டிய காற்று.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா வானத்தைப் பார்த்தார்.

"டிப்போவில என்னோட ஓடுற அண்ணை தந்தவர்" என்றார் கடைசியில். "கெம்ப்டனில தங்கச்சிக்கு. அந்த மனுசன் எனக்கு எத்தனை தரம் ஷிப்ட் மாத்தித் தந்தவர்... எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது?"

"கட்டத்தாளைப் பாத்திட்டு 'சனத்துக்குத் தெரியுமோ' எண்டு கேட்டனீங்களே, அப்பா. அப்பவே இது உள்ளுக்கு இருந்ததோ?"

"இருந்தது."

பொலிஸ்காரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகங்களை வாசிக்கத் தெரிந்திருந்தது. எங்களைக் கொஞ்சம் ஆற விட்டா. பிறகு பிக்கப்பைக் கையால் காட்டினா. "இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?"

நான் திறப்பை எடுத்தேன். பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினேன். கறுப்புப் பூச்சு, வெயிலில் புதுச் சப்பாத்து மாதிரி மினுங்கியது. உள்ளே ஒரு மஞ்சள் தூசித்துணி, நாலாக மடித்தபடி. வேறொன்றும் இல்லை.

"வெறுமையாக" என்றா அவ.

"ஓம்" என்றேன். ஜேர்மன் மறந்துபோய்விட்டது.

பத்திரத்தைத் திரும்பப் பார்த்து, எங்கள் நாலு பேரின் நிறையையும் கேட்டு எழுதி, இன்னும் ஐந்நூறு கிலோவுக்குக் கிட்ட அதில் தாராளமாக ஏற்றலாம் என்று சொன்னா. அம்மா தன் நிறையைப் பத்துக் கிலோ குறைத்துச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி வாய் திறக்கிற நிலையில் அன்று யாரும் இல்லை.

மாமா முதலில் தூக்கியது கருவாட்டுப் பையை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "பிள்ளை, எங்க வைக்க? நடுவிலயோ, ஓரத்திலயோ?"

"எங்கையாவது வையுங்கோ."

"கீறுமே."

"மாமா!"

அரிசி ஏறியது. எண்ணெய் ஏறியது. கிரைண்டரை அப்பாவே தூக்கி வைத்தார். வைக்கும்போது அதன் அடிப்பாகம் பூச்சில் உரசி ஒரு நீளக் கோடு விழுந்தது. என் கட்டத்தாளில் கீறியதைவிட நேரான கோடு. வோன்வாகனைத் திரும்ப நிறுத்தார்கள். ஆயிரத்து எழுநூற்று அறுபது. போகலாம்.

ஆனால் நான் ஏறவில்லை. அப்பாவும் ஏறவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒப்பந்தம் நின்றது.

"நிண்டுட்டுது" என்றார் அப்பா. குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

"வாகனம் நிக்கேல்லை. மறிச்சது பொலிஸ்."

"நிண்டது நிண்டதுதானே."

"அத்தான்," என்றார் மாமா. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கம். "உங்கட பஸ்ஸைப் பொலிஸ் மறிச்சால் பஸ் பழுது எண்டோ அர்த்தம்?"

"நீ பொத்து. உனக்கு லைசென்சே இல்லை."

அம்மா புட்டுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன் கதவடியில் நின்றா. "இஞ்சேருங்கோ," என்றா மெதுவாக, "அந்தக் கிரைண்டரைக் களவாக் கொண்டுவந்து வைச்சது ஆர்?"

அப்பா மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். கீழே லொறிகள் இன்னும் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன.

"சரி. விக்கத் தேவையில்லை" என்றார். "வேலை தேடுறது உன்ர பாடு. ஆனா ஒண்டு. பின்பெட்டிக்கு இனிப் பூட்டுப் போடக்கூடாது."

நான் சம்மதித்தேன். வேறு வழியில்லை. பூட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அதைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, இருபது வருச பஸ்காரர் ஏறி உட்கார்ந்து பெல்ற்றைப் போட்டார்.

கெம்ப்டனில் கிரைண்டரைக் கொடுத்தோம். அந்த வீட்டில் எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதை எழுதத் தேவையில்லை. அன்று நான் பொனெற்றைத் திறக்காமல் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் என் கையால் பின்பெட்டிக்குள் வைத்தேன்.

இப்போது பிக்கப் என்னுடையதுதான். பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. கழுவினாலும் கழுவினாலும் மழை பெய்த மறுநாள் பின்பெட்டியிலிருந்து கருவாடு மணக்கும். எதிர்வீட்டுக் கிழவர் இப்போது யன்னல் திரையை விலக்குவதோடு நிற்பதில்லை, யன்னலையும் சாத்துகிறார். போன கிழமை அப்பாவின் பஸ்ஸில் நான் பின்கதவால் ஏறி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்றேன். நான் ஏறியதை அவர் காணவில்லை. ஒரு தரிப்பில் யாரோ தமிழ் ஆள் அவரிடம் என்னவோ கேட்க, அப்பா பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு சொல்லுகிறார்:

"ஓம், மகளின்ர வாகனம் இருக்கு. பாரத்தைப் பற்றி யோசியாதேங்கோ, அண்ணை. அது மலையையே தூக்கும். அவள்தான் எஞ்சின் திருத்தினவள். எத்தனை மூட்டை எண்டு மட்டும் சொல்லுங்கோ."